கம்பம் பிடுங்காத ஊரில் ஒரு கல்யாணம்

முப்பத்தாறு வயது வரைக்கும் திருமூர்த்திக்குப் பெண் அமையாததற்கு வேலங்காட்டுப்பாளையத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜாதகம் என்றார்கள், நிலம் போதாது என்றார்கள், தலையில் முடி போய்விட்டது என்றார்கள். என்னைக் கேட்டால் எல்லாம் அவன் வாய்தான் காரணம் என்பேன். அந்த வாயிலிருந்து "சரிங்க" என்பதைத் தவிர வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா மரியாதைக்கு, "சித்தெ யோசிச்சுச் சொல்றமுங்க" என்பார். இவன் "சரிங்க" என்று எழுந்து வந்துவிடுவான். அதற்குமேல் அவர்கள் எதற்கு யோசிக்க வேண்டும்?

சூலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். தொழிலில் கெட்டிக்காரனும் இல்லை, மோசமும் இல்லை. வீட்டில் அம்மா ராசாத்தாள் மட்டும். அவளுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை, வாசலில் நின்று தெருவெல்லாம் கேட்க "மருமவளே" என்று ஒருத்தியைக் கூப்பிட வேண்டும் என்பது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கூப்பிட்டுத் திட்டிக் கொண்டிருக்கும்போது அவளுக்கு மட்டும் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதம் பெருந்துறையில் ஒரு இடம் வந்தது. பெண் பெயர் கீதா. வயது முப்பத்தொன்று. சிப்காட்டில் ஒரு நூல் கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவள்.

"என்னப் புடிச்சிருக்குதுங்களா?" என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவளே கேட்டாள்.

"சரிங்க" என்றான் திருமூர்த்தி.

"கேட்டதுக்கு இது பதில் இல்லீங்களே" என்று சிரித்தாள். திருமூர்த்திக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சுற்றி இருந்த பெரியவர்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அப்புறம் "புடிச்சிருக்குதுங்க" என்றான். வைகாசியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

பங்குனியில் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. கொங்குப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோம்பி என்றால் முதலில் கம்பம் நடுவார்கள். மூன்று கிளை பிரிந்து முக்கவையாக இருக்கும் மரக்கொம்பை வெட்டிவந்து கோயில் முன்னால் நட்டால் அதுதான் அம்மனுக்குப் புருஷன். பெண்கள் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் ராத்திரியில் மேளத்துக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டால் நோம்பி முடிந்தது. அதுவரைக்கும் ஊரில் சட்டதிட்டம் கடுமை. கறி ஆகாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஊர்க்காரன் எவனும் எங்கே போயும் தாலி கட்டக் கூடாது. பதினைந்து நாள்தானே என்று ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடும்.

அந்த வருஷம் ஊருக்கு ஓட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. பல வருஷம் நடக்காத பஞ்சாயத்து எலெக்சன் அதற்கு முந்தின ஐப்பசியில் நடந்து, வெங்கடம்மாள் தலைவியாக வந்திருந்தார். வெங்கடம்மாள் வாய் திறந்தால் ஊர்க்கோடிவரை கேட்கும். கம்பம் நட்ட மூன்றாம் நாள் கோயில் முன்னால் நின்று ஒரு கேள்வியைப் போட்டார்.

"போன வருசம் கம்பத்தப் பழைய கெணத்துல உட்டமே, என்ன சத்தம் வந்துச்சு? டொக்குனு வந்துச்சு. சொட்டுத் தண்ணி இல்லாத கெணத்துல அம்மனோட புருசனத் தள்ளி உடறதுதான் வழியனுப்பறதுங்களா?"

கோயில் தர்மகர்த்தா அரங்கசாமிக்கு மீசை துடித்தது. கம்பம் விடும்போது கிணற்றுமேட்டில் முதல் மரியாதை அவருக்குத்தான். "தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் கெணறு கெணறுதான். என்ற பாட்டன் காலத்துலருந்து அங்கதான் உடறோம்" என்றார்.

முன்காலமாக இருந்தால் நாலு பேர் கத்தி, ரெண்டு பேர் துண்டை உதறி, அதோடு முடிந்திருக்கும். இப்போது ஓட்டு வைக்கலாம் என்றார்கள். அம்மன் சன்னதியில் காகிதம் வேண்டாம், பூவில் வைப்போம் என்று முடிவானது. பழைய கிணற்றில் விடலாம் என்பவர்கள் செவ்வரளி, வேண்டாம் என்பவர்கள் வெள்ளரளி. பூவைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்து துணி கட்டிய அண்டாவில் போட வேண்டும். பதினெட்டு வயதான எல்லாருக்கும், ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு பூ.

எண்ணுவதற்குப் பொது ஆளாகப் பிடித்தது யாகூப்பை. கோயமுத்தூரிலிருந்து நோம்பிக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் கட்ட வந்தவர். பதினைந்து நாள் வாடகைக்கு வந்த மனிதருக்கு இந்த வேலையும் வந்து சேர்ந்தது. எண்ணினார். மூன்று பூவில் காம்பு மட்டும் இருந்தது, இதழைக் காணோம். அதைச் செல்லாத ஓட்டு என்று ஒதுக்கினார். ஒன்பது பூ வித்தியாசத்தில் வெள்ளை ஜெயித்தது.

வெடி வெடித்தார்கள். வெங்கடம்மாளுக்கு மாலை போட்டார்கள். புகை அடங்கியதும் யாகூப் கையில் மைக்கோடு, வெள்ளை மனசாக ஒன்று கேட்டார். "சந்தோசமுங்க. கம்பத்த வேறெங்க உடப் போறீங்கனு சொல்லிப்போட்டா, அங்க லைட்டக் கட்டிப்போடுவனுங்க."

அப்போதுதான் ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் கேட்டார்களே ஒழிய, வேறு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நொய்யலில் விடலாம் என்றது ஒரு கூட்டம். ஆறு சாயத்தண்ணீராக ஓடுகிறது, அம்மன் புருஷன் நீலக் கலராகப் போவாரா என்றது இன்னொன்று. வெங்கடம்மாள் தன் தோட்டத்துக் கிணற்றில் நாற்பதடி தண்ணீர் நிற்கிறது என்றார். முதல் மரியாதைக்கு அடிபோடுகிறார் என்று அவர் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். இளவட்டங்கள் மேல்நிலைத் தொட்டியில் விடலாம் என்றார்கள், அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது என்பதை மறந்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூ வைத்தார்கள். அரங்கசாமி ஆட்கள் எல்லாவற்றுக்கும் எதிராகப் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் நாலாகப் பிரிந்து கிடந்தார்கள். எல்லாமே தோற்றது. அரளிச் செடிகள் மொட்டையாக நின்றன.

"அப்ப எதும் ஆவல. பழைய கெணறே கெதி" என்றார் அரங்கசாமி.

"வேண்டாம்னு ஊர் சொல்லிப்போட்டுது. சொன்னது சொன்னதுதான்" என்றார் வெங்கடம்மாள்.

"அப்ப மறுக்கா பூப் போட்டுப் பாக்கலாம்."

"ஒருக்கா கேட்டதையே மறுக்கா கேட்டா, முதல்ல கேட்டதுக்கு என்னங்க மருவாதி?"

பதினைந்தாம் நாள் வந்தது. மேளம் அடித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், கம்பத்தை மட்டும் பிடுங்கவில்லை. பிடுங்கி எங்கே வைப்பது?

வைகாசி முகூர்த்தம் போயிற்று. பெருந்துறைக்காரர்கள் ஆனிக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனியும் போயிற்று. திருமூர்த்தி ஊர் நிலவரத்தைச் சொல்லப் பெருந்துறை போனான். கீதாவின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பத்தப் புடுங்கறதுக்கு ஊர்ல ஆள் இல்லீங்களா?" என்றார். ஆள் இருக்கிறது, போடத்தான் இடமில்லை என்பதை எப்படிச் சொன்னாலும் அந்த மனிதருக்கு விளங்கவில்லை. எனக்கே எழுதும்போது விளங்கவில்லை.

ஊரின் நிலைமையைக் கேளுங்கள். மேளக்காரர்கள் கை ஓய்ந்து போய்விட்டார்கள். யாகூப் மேளச் சத்தத்தை கேசட்டில் பிடித்துப் போட்டார்; ஆண்கள் அதற்கு ஆடினார்கள். ஆனி பிறந்ததும் ஆட்டம் நடையானது. ரெண்டு பேர் முறை வைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு கம்பத்தைச் சுற்றி வருவார்கள். லாரி ஓட்டுகிற ஒருவன் லோடோடு சேலம் வரைக்கும் போய், ராத்தங்கக் கூடாதே என்று திரும்பி வந்து வீட்டில் படுத்துவிட்டு மறுபடி சேலம் போனான். கோழி அடிக்க ஆளில்லாமல் தெருவெல்லாம் கோழி. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை சாப்பாடு. தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம், தாளிக்காத பொரியல். ஊரே ஒரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆடிக் காற்று அடிக்கிற நாளில்தான் அந்த அதிசயம் நடந்தது. காலையில் தண்ணீர் ஊற்றப் போன ராசாத்தாள் குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். கம்பம் துளிர்த்திருந்தது. ஒரு கவையில் பச்சைப்பசேலென்று இலை.

கம்பத்துக்கு வெட்டுகிற கொம்பைப் பட்டை உரித்துத்தான் நட வேண்டும். அந்த வருஷம் எலெக்சன் பகை கம்பம் நடும் முன்பே முற்றியிருந்ததால், உரிக்கிற வேலையை வெங்கடம்மாள் ஆட்கள் செய்திருப்பார்கள் என்று அரங்கசாமி ஆட்களும், அரங்கசாமி ஆட்கள் செய்திருப்பார்கள் என்று வெங்கடம்மாள் ஆட்களும் சும்மா இருந்துவிட்டார்கள். பால் வடிகிற மரம், நாலு மாதமாக ஊரே சேர்ந்து ஊற்றிய தண்ணீர். துளிர்க்காமல் என்ன செய்யும்? அது உருப்படியாகத் தன் வேலையைப் பார்த்தது. அந்த ஊரில் வேலையைப் பார்த்தது அது ஒன்றுதான்.

சண்டை இப்போது இரட்டிப்பானது. பழைய கிணற்றுக்குப் போகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று கம்பம் சொல்கிறது என்றார் அரங்கசாமி. புருஷனை அனுப்பாதே என்று அம்மனே சொல்லிவிட்டாள் என்றார் வெங்கடம்மாள்.

பெருந்துறையிலிருந்து முடிவான சேதி வந்தது. ஆவணி கடைசி முகூர்த்தம். அதற்குள் நடக்காவிட்டால் அவிநாசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருமூர்த்தி முதலில் அரங்கசாமியிடம் போனான். "நீ நம்ம பக்கம் நின்னீன்னா நாளைக்கே புடுங்கிரலாம், மாப்ள" என்றார். "சரிங்க" என்றான். அங்கிருந்து வெங்கடம்மாளிடம் போனான். "நீ நம்ம பக்கம் நில்லு கண்ணு, உன்ற கல்யாணத்த நான் நடத்தி வெக்கறேன்" என்றார். "சரிங்க" என்றான். வீட்டுக்கு வந்தால் அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்கொரு மருமவ வாரதுக்குள்ள நானே போயிருவேனாட்ட இருக்குது" என்றாள். அதற்குச் சரிங்க என்று சொல்ல முடியவில்லை. அவனும் உட்கார்ந்து அழுதான்.

கடைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குக் கீதா போன் செய்தாள்.

"ஏனுங்க, கம்பம்னா என்னுங்க?"

"வெட்டுன கொம்புங்க."

"வேர் உட்டுத் தழைஞ்சு நின்னா அது என்னுங்க?"

திருமூர்த்தி யோசித்தான். "மரமுங்க."

"மரம் நிக்கிற ஊர்ல ஆரும் கல்யாணம் பண்றதில்லீங்களா?"

இத்தனை மாதம் அண்டா அண்டாவாகப் பூ எண்ணிய ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. ஊரில் போய் இதைச் சொல்லலாமா என்றால், சொல்வதற்கு அவனுக்கு வாய் இல்லை. பெருந்துறையில் ஒரு சின்ன மண்டபத்தில், ஊருக்குத் தெரியாமல், விடிகாலை முகூர்த்தத்தில் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ராசாத்தாளிடம் மட்டும் சொன்னான். அவள் பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னாள், அம்மன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு.

கல்யாணத்தன்று திருமூர்த்தி மாப்பிள்ளைக் கோலத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண் வீட்டார் பக்கம் நிறைந்திருந்தது. அவன் பக்கம் அம்மாவும் பத்து நாற்காலியும். பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து அட்சதை போட ஒரு கை இல்லையே என்று அந்த நாற்காலிகளையே திரும்பத் திரும்ப எண்ணினான். முதலில் யாகூப் வந்தார், சீரியல் லைட்டோடு. "சும்மாதான எரியுதுன்னு ஒரு சரம் கழட்டிட்டு வந்தனுங்க" என்றார். அவர் பின்னால் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி வந்தாள். "பெருந்துறைல ஒரு ஜோலிங்க, அப்பிடியே எட்டிப் பாத்தேன்." அவள் பின்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மாடு பார்க்க வந்தவர்கள், பஸ் மாறி ஏறியவர்கள். தாலி கட்டும்போது ஊரில் முக்கால்வாசி மண்டபத்துக்குள் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்த அண்ணனைக்கூடப் பார்க்கவில்லை.

பந்தியில் ரசம் வந்தது. கடுகும் கருவேப்பிலையும் மிதக்கும் ரசம். அந்த வாசனைக்கு ரெண்டு பேர் கண் கலங்கியதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரங்கசாமி இருந்தார். ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார், மூன்றாம் தடவை இலையைக் காட்டினார். எதிர் வரிசையில் வெங்கடம்மாள் முக்காட்டுக்குள் ரெண்டு டம்ளர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி எல்லாரையும் பார்த்தான். மனசு நிறைந்து போயிற்று. சாயங்காலம் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து, வேறு வேறு ஸ்டாப்பில் இறங்கி, தனித்தனியாக ஊருக்குள் நடந்தார்கள்.

மறுநாள் காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. கம்பம் நிற்கும்போது கல்யாணம் நடக்காது, ஆகவே நடக்கவில்லை. நடக்காத இடத்தில் யாரும் ரசம் குடித்திருக்கவும் முடியாது.

அடுத்த வாரம் கீதா சூட்கேசோடு வந்து இறங்கினாள். தினமும் காலையில் கம்பெனி போய்ப் பொழுதோடு திரும்பினாள். "ஆருங்க இது?" என்று கேட்டார் அரங்கசாமி, கூசாமல். "பெருந்துறை ஒறம்பரைங்க" என்றாள் ராசாத்தாள், பயத்தில். அதிலிருந்து கீதா ஒறம்பரை ஆனாள், வந்து போகிற விருந்தாளி. கழுத்தில் தாலி மின்னுகிறது, தெருவில் பார்க்கிறவர்கள் அதற்கு மேலேயோ கீழேயோ பார்க்கிறார்கள். அட்சதை போட்ட கைக்காரர்களே திருமூர்த்தியை நிறுத்தி, "எப்பப்பா கல்யாணச் சோறு போடப் போற?" என்றார்கள். "கம்பம் புடுங்கட்டுங்க" என்றான் அவன். ராசாத்தாள் வீட்டுக்குள் மருமவளே என்பாள். வாசல்படி தாண்டினால் "ஏனம்மிணி" என்பாள்.

கீதா ஒரு மாதம் பார்த்தாள். ஒருநாள் சோற்றுத்தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள். "கம்பெனில நாப்பது பேருக்கு நான் ஆருன்னு தெரியும். இந்த ஊர்ல நான் ஆருங்க? எனக்கு ஒறம்பரையா இருந்து முடியாது. இன்னொரு மாசம் இப்பிடியேன்னா நான் எங்கூட்டுக்குப் போயிருவேன். நெசமாச் சொல்றேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் திருமூர்த்தியைப் பயமுறுத்தியது. முப்பத்தாறு வருஷம் காத்திருந்து அவனுக்குக் கிடைத்தவள் இந்தக் கொம்பினால் போய்விடுவாள் என்று விளங்கியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்கு ஊர்மேல் கோபம் வந்தது.

புரட்டாசியில் ஊர் இன்னொரு ஓட்டு வைத்தது. நிற்பது கம்பமா, மரமா? போனில் கீதா கேட்ட கேள்வி எப்படியோ கசிந்துவிட்டிருந்தது. மரம் என்றால் நோம்பி முடிந்ததாகக் கணக்கு. பிடுங்கவும் வேண்டாம், போட இடம் தேடவும் வேண்டாம். கம்பம் என்றால் பழையபடி. செவ்வரளி கம்பம், வெள்ளரளி மரம். யாகூப் அண்டாவுக்குத் துணி கட்டி உட்கார்ந்தார். ஊரே வெயிலில் வரிசையாக நின்றது. வரிசைக்குள் கோழிகள் புகுந்து புறப்பட்டன.

திருமூர்த்திக்குப் பின்னால் கீதா, அவளுக்குப் பின்னால் ராசாத்தாள். கீதாவின் கை மூடியிருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் வந்ததும் அரங்கசாமி தடியை நீட்டினார்.

"அம்மணி, ஒறம்பரைக்கெல்லாம் ஓட்டு இல்ல. ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவிகளுக்குத்தான்."

கீதா திருமூர்த்தியைப் பார்த்தாள். அவன் தொண்டையில் வழக்கமான சொல் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"மாமா, உங்க மேல எனக்கு ரொம்ப மருவாதிங்க" என்றான். "ஆவணி மாசம் பெருந்துறைல, கடைசி வரிசைல, தலைல துண்டப் போட்டுட்டு ரசம் மூணு வாட்டி வாங்குனீங்கள்லங்க. அது எங்க கல்யாணப் பந்திதானுங்க."

அரங்கசாமியின் தடி அப்படியே நின்றது. அந்தப் பக்கம் வெங்கடம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தார். திருமூர்த்தி அவர் பக்கமும் திரும்பினான். "அக்கா, பாயசம் நல்லா இருந்துச்சுங்களா? ரெண்டு டம்ளருங்க." சிரிப்பு நின்றது. அவன் வரிசையைப் பார்த்தான். ஜோலிக்கு வந்தவர்களும் மாடு பார்க்க வந்தவர்களும் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ என்ற சம்சாரமுங்க" என்றான். "நீங்க எல்லாரும் அட்சதை போட்டீங்க. எனக்கு ஞாபகம் இருக்குதுங்க, ஒவ்வொரு கையும். நான் அன்னிக்கு எவ்வளவு சந்தோசப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. அதப் போயி நடக்கவே இல்லைனு சொல்றீங்களே."

அரங்கசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கல்யாணம் ஆனது என்றால் கம்பம் இல்லை. ஆகவில்லை என்றால் தான் குடித்த ரசம் இல்லை. ரெண்டையும் மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்திருப்பார் போல. கடைசியில் தடியைக் கீழே இறக்கினார்.

"போட்டுட்டுப் போ, அம்மணி. நல்ல ரசம்" என்றார்.

யாகூப் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "அப்ப நோம்பி முடிஞ்சுதுங்களா? லைட்டக் கழட்டிக்கலாங்களா?"

வேண்டாம் என்று சொல்ல ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கீதா கையை அண்டாவுக்குள் விட்டு எடுத்தாள். என்ன பூ போட்டாள் என்பதைத் திருமூர்த்தியிடம்கூட அவள் பிற்பாடு சொல்லவில்லை. அவள் நகர்ந்து வெயிலில் நாலு எட்டு நடந்திருப்பாள், பின்னால் வரிசையில் நின்ற ராசாத்தாள், கோயில் வாசல் தாண்டி ஊர்க்கோடிவரை கேட்கிறாற்போல் ஒரு சத்தம் போட்டாள்.

"ஏ மருமவளே! வெயில் மண்டையப் பொளக்குது, முந்தானையத் தலைக்குப் போடு! சொன்னாக் கேக்கறாளா பாரு!"